பக்ரீத் வாரத்து டிரம் சீட்டு

ஆம்பூர் பக்கத்தில் நான் வேலை பார்த்த தோல் கம்பெனியில் கம்ப்யூட்டர் அறை மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் ஏசி போட்ட அறை இரண்டுதான். ஒன்று முதலாளியுடையது, இன்னொன்று கம்ப்யூட்டருடையது. மனுஷனுக்கு வேர்த்தால் துடைத்துக்கொள்வான், மெஷினுக்கு வேர்க்கக் கூடாது என்பார் முதலாளி. நான் மெஷினை ஒட்டிக்கொண்டு குளிர் வாங்கிய கேஸ். வேலூரில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படித்தேன். சென்னையில் ஹாஸ்டலில் தங்கி வேலை தேட வீட்டில் விடவில்லை. கல்யாணமாகி வந்த ஊரிலேயே இந்த நாற்காலி கிடைத்தது. இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில்.

என் வீட்டுக்காரரும் அதே கம்பெனிதான். கீழே, முற்றத்தைத் தாண்டி, டிரம் யார்டில் மேஸ்திரி. எனக்கு அத்தை மகன் என்பதால் விவரம் தெரிந்த நாளிலிருந்தே அவர் எனக்கு மாமா. அவர் கீழே சுண்ணாம்பிலும் நாற்றத்திலும் நிற்பார், நான் மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதற்காக அவர் என்னைக் கிண்டல் பண்ணாத நாள் கிடையாது.

டிரம் என்றதும் தண்ணீர் பிடித்துவைக்கும் டிரம்மை நினைத்துக்கொள்ளக் கூடாது. இது ஒரு அறை உயரத்துக்கு மரத்தில் செய்த உருளை. படுத்த வாக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே தோலும் தண்ணீரும் கெமிக்கலும். சுற்றும்போதே அச்சின் நடுவில் இருக்கும் ஓட்டை வழியாக ஆள் மேடைமேல் நின்று கெமிக்கலை ஊற்றுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, நிறுத்தி மூடியைத் திறந்தால்தான் தெரியும். எங்கள் யார்டில் பன்னிரண்டு டிரம்கள் இருந்தன.

தோல் பதப்படுத்துவதில் எத்தனையோ கட்டம். நான் சொல்லப்போகிற விஷயத்துக்கு இரண்டு தெரிந்தால் போதும். முதலில் முடி உதிர்வதற்காகச் சுண்ணாம்போடு சல்ஃபைடு போடுவார்கள். அதையெல்லாம் வடித்துக் கழுவின பிறகு வேறொரு கட்டத்தில் உப்பும் ஆசிட்டும் போட்டு ஊறவைப்பார்கள். அதற்கு யார்டில் பிக்கிள் என்று பெயர். இந்தச் சல்ஃபைடும் ஆசிட்டும் ஒன்றை ஒன்று சந்திக்கவே கூடாது. சந்தித்தால் விஷ வாயு கிளம்பும்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே மாமா இதை எனக்குச் சொன்னார். அழுகின முட்டை நாற்றம் அடிக்குமாம்.

“நாத்தம் அடிக்கிற வரைக்கும் தப்பிச்சி ஓடிடலாம். அடிச்சிக்கினே இருந்த நாத்தம் சட்டுனு நின்னுச்சின்னு வை, மூக்கு செத்துப்போச்சின்னு அர்த்தம். அப்புறம் ஆளும் அவ்ளோதான்.”

சொல்லிவிட்டு ரசம் கேட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து தினமும் அவர் வேலை முடிந்து வந்ததும் சட்டையை வாங்கி மோந்து பார்க்க ஆரம்பித்தேன். நாற்றம் அடித்தால் எனக்கு நிம்மதி. பக்கத்துப் போர்ஷன் அக்கா இதைப் பார்த்துவிட்டு, நான் வேறு எதையோ மோப்பம் பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தாள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எந்த டிரம்மில் எதை எவ்வளவு ஊற்றவேண்டும் என்று சொல்வது டிரம் சீட்டு. முன்பெல்லாம் ஒரு கிளார்க் கையால் எழுதுவார். அவர் எழுதும் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் அதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள். யார்டிலிருந்து மாமா இன்டர்காமில் சொல்வார், நான் டைப் அடிப்பேன், சீட்டு பிரிண்ட் ஆகும். சீட்டு ஸ்டோருக்குப் போகும். அதில் உள்ள கெமிக்கலை ஸ்டோரில் எடை போட்டு, தள்ளுவண்டியில் வைத்து, சீட்டில் போட்டிருக்கும் டிரம்முக்கு அனுப்பிவிடுவார்கள்.

இந்த புரோகிராமை எழுதியவர் சென்னைக்காரர். என் வயதுதான் இருக்கும். வாரத்தில் ஒருநாள் காலை ரயிலில் வந்து, ஏதாவது ரிப்பேர் இருந்தால் பார்த்துவிட்டு, அடுத்த ரயிலைப் பிடித்துப் போய்விடுவார். டீயில் சர்க்கரை கம்மி என்பதைத் தவிர வேறு எதையும் குறை சொல்லமாட்டார். நல்ல மனுஷர். அதையும் சொல்லிவிடவேண்டும்.

ஆரம்பத்தில் அவர் எழுதிய கொயரிகள் முழுக்கக் கேள்விக்குறியாக இருக்கும். கொயரி என்றால் டேட்டாபேஸிடம் நாம் வைக்கும் கோரிக்கை. இந்த லாட்டை, அதாவது ஒரு எண் போட்டு ஒன்றாகப் பதப்படுத்தும் தோல் கட்டை, இந்த டிரம்மில் சேர், இந்தக் கட்டம் என்று குறித்துக்கொள் என்கிற மாதிரி. எண் வரவேண்டிய இடத்தில் எல்லாம் ஒரு கேள்விக்குறி போட்டுவைப்பார். பிறகு நாம் கொடுக்கும் எண்கள் முதல் குறிக்கு முதல் எண், இரண்டாவதற்கு இரண்டாவது என்று வரிசையாகப் போய் உட்காரும். எனக்கு அதைப் பார்த்தாலே பயம். ரேஷன் கடை க்யூவில் ஒருத்தர் நடுவில் புகுந்தால் கடைசி ஆள் வரைக்கும் இடம் மாறிப்போவதுபோல, ஒரு எண் முன்னே பின்னே ஆனால் எல்லாம் மாறிப்போகும். நான் விரல் விட்டு எண்ணி எண்ணிப் பார்ப்பேன். அவரிடம் புலம்பியும் இருக்கிறேன்.

ஒரு வாரம் வந்து எல்லாக் கேள்விக்குறிகளையும் எடுத்துவிட்டார். அந்தந்த இடத்தில் பெயர் வைத்தார். லாட் எண் வரவேண்டிய இடத்துக்கு லாட் என்று பெயர், டிரம் எண் வரவேண்டிய இடத்துக்கு டிரம் என்று பெயர். எண்ணைக் கொடுக்கும்போது இன்ன பெயருக்கு இன்ன எண் என்று சொல்லிக் கொடுக்கவேண்டும்.

“இனிமே விரல் விட்டு எண்ண வேணாம் மேடம். பேர் வெச்சாச்சு. நீங்க எந்த வரிசையில குடுத்தாலும் அதது அதோட எடத்துல போய் ஒக்காந்துக்கும்,” என்றார்.

எனக்கு அவர் கையைப் பிடித்துக் கும்பிடவேண்டும்போல் இருந்தது. அன்று டீயில் நானே சர்க்கரை கூடப் போடச் சொன்னேன். பெயர் இருந்தால் பயம் இல்லை என்று நானும் நம்பினேன். படித்தவள் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே நம்பினேன்.

பிறகு பக்ரீத் வந்தது.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளுக்கு பக்ரீத் முடிந்த வாரம் ஒரு வெள்ளம். எங்கெங்கிருந்தோ லாரி லாரியாகத் தோல் வந்து இறங்கும். உப்பு போட்டது பாதி, போடாதது பாதி. வீட்டுக்கு வீடு பழகாத கையால் உரித்த தோல் என்பதால் கத்தி பட்ட கீறல் அதிகம் இருக்கும், விலை வேறு, தரம் வேறு. அதனால் அந்தத் தோலை மற்றதோடு கலக்காமல், அதற்குத் தனியாக ஒன்றிலிருந்து லாட் எண் போடுவது எங்கள் கம்பெனி வழக்கம். வருஷம் முழுக்க லாட் எண் ஆயிரத்துச் சொச்சம் என்று நீளமாக ஓடும். பக்ரீத் வாரத்தில் மட்டும் லாட் ஒன்று, லாட் இரண்டு.

இன்னொன்றும் உண்டு. மற்ற நாட்களில் சல்ஃபைடுக்கு என்று சில டிரம், ஆசிட்டுக்கு என்று சில டிரம் தனித்தனியாக இருக்கும். அந்த வாரத்தில் அதெல்லாம் கிடையாது. தோல் அழுகிவிடும் என்கிற அவசரத்தில் எந்த டிரம் காலியோ அதில் எந்த வேலையும் நடக்கும். பண்டிகைக்குப் போன ஆட்களில் பாதிப் பேர் திரும்பியிருக்கமாட்டார்கள். ராத்திரி ஷிப்டு என்ன போட்டுவிட்டுப் போனது என்று பகல் ஷிப்டுக்குச் சீட்டைப் பார்த்தால்தான் தெரியும். மேஸ்திரிகளே வாளியைத் தூக்குவார்கள்.

மாமாவுக்கு என்மேல் ஒரு குறை இருந்தது. இன்டர்காமில் அவர் எப்போதும் “லாட் இன்னது, டிரம் இன்னது” என்றுதான் சொல்வார். ஸ்கிரீனில் எண் அடிக்கும் முதல் கட்டம் டிரம், அடுத்துதான் லாட். அவர் சொல்லும் முதல் எண்ணை நான் மனதில் பிடித்துவைத்துக்கொண்டு, இரண்டாவதை அடித்துவிட்டு, பிறகு முதலாவதை அடிக்கவேண்டும். அவசரத்தில் திரும்பக் கேட்பேன். அவருக்குக் கோபம் வரும்.

“நான் சொல்றா மாதிரியே அடிச்சா இன்னா? ஒன்னோட பேஜாரா போச்சி. அந்த மெட்ராஸ் தோஸ்த்கிட்ட சொல்லி மாத்து,” என்றார் வீட்டில்.

சொன்னேன். பண்டிகை முடிந்த மறுநாள் காலை வந்த சென்னைக்காரர், கட்டங்களை இடம் மாற்றினார். லாட் முதலில், டிரம் பிறகு. பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று உள்ளே புரோகிராமிலும் எண்களைக் கொடுக்கும் வரிகளை அதே வரிசைக்கு மாற்றினார். கொயரியைத் தொடவில்லை. அதில் டிரம்தான் முன்னால் நின்றது.

“கொயரியில மாத்த வேணாமா சார்?”

“அதான் பேர் இருக்கே மேடம்.”

ஆமாம், பெயர் இருக்கிறதே என்று நானும் தலையாட்டினேன். சரி பார்க்கலாம் என்று லாட் ஒன்று, டிரம் ஒன்று என்று அடித்தார். சீட்டு அழகாக வந்தது. லாட் ஒன்று, டிரம் ஒன்று. இரண்டும் ஒன்றாக இருந்தால் எது எங்கே போனாலும் சரியாகத்தான் தெரியும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அவர் ரயிலுக்குக் கிளம்பினார்.

நான் வேலையைத் தொடங்கினேன். மாமா ஒவ்வொன்றாகச் சொன்னார். லாட் இரண்டு, டிரம் ஆறு, கழுவத் தண்ணீர். லாட் ஐந்து, டிரம் ஒன்பது, பிக்கிள் ஆசிட். அவர் சொன்ன வேகத்துக்கு என் விரல் ஓடியது. “இப்ப எப்டி இருக்கு?” என்று கேட்டார். “சூப்பர் மாமா” என்றேன். சீட்டுகள் கத்தையாகக் கீழே போயின.

கொஞ்ச நேரம் கழித்து லாட் பதினான்கு என்று ஒன்று வந்தது. அடித்து என்டரைத் தட்டினேன். அப்படி ஒரு டிரம் இல்லை என்று ஸ்கிரீனில் பெட்டி எழுந்தது. தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே பெட்டி. டிரம் பதினான்கு இல்லையாம்.

நான் எங்கே டிரம் பதினான்கு என்றேன்? பதினான்கு லாட் அல்லவா?

அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதுகில் ஏசி காற்று பட்டது. மெல்ல மெல்ல விஷயம் உள்ளே இறங்கியது. பெயரைச் சொல்லிக் கொடுத்த எண்ணை அது பெயரைப் பார்க்காமல் வாங்கி, முதலில் வந்ததை முதல் இடத்தில் வைத்திருக்கிறது. லாட் எண் டிரம்மாகப் போயிருக்கிறது, டிரம் எண் லாட்டாகப் போயிருக்கிறது. பதினான்காவது டிரம் இல்லாததால் இந்த ஒன்றில் மாட்டிக்கொண்டது. பன்னிரண்டுக்குள் இருந்த லாட் எல்லாம் சத்தம் போடாமல் உள்ளே போய்விட்டது.

காலையிலிருந்து ஏறியதைத் திறந்து பார்த்தேன். லாட் இரண்டு, டிரம் ஆறு என்று அடித்தது லாட் ஆறு, டிரம் இரண்டு என்று ஏறியிருந்தது. அது வெறும் தண்ணீர். தோல் கெட்டால் கெடட்டும். அடுத்ததைப் பார்த்தேன். லாட் ஐந்து, டிரம் ஒன்பது, ஆசிட் என்று நான் அடித்தது, லாட் ஒன்பது, டிரம் ஐந்து, ஆசிட் என்று ஏறியிருந்தது. டிரம் ஐந்தில் ராத்திரி ஷிப்டில் என்ன போட்டார்கள் என்று பார்த்தேன்.

சல்ஃபைடு.

இன்டர்காமைத் தூக்கினேன். யார்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. டிரம் சத்தத்தில் அது யாருக்கும் கேட்காது. எப்போதும் மாமாதான் பக்கத்தில் நின்று எடுப்பார். இப்போது அவர் பக்கத்தில் இல்லை என்றால் எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டோருக்கு அடித்தேன்.

“அஞ்சாம் டிரம் ஆசிட் போயிடிச்சா?”

“இப்பதான் மேடம், வண்டில தள்ளிக்கினு போனாங்க. மேஸ்திரியே நின்னு வாங்கினு போனாரு.”

போனை வைத்தேனா, அப்படியே விட்டேனா என்று ஞாபகம் இல்லை. படிக்கட்டில் மேனேஜர் ஏறி வந்துகொண்டிருந்தார். கையில் வெற்றிலைப் பொட்டலம்.

“இன்னாம்மா, இப்டி ஓடியாறே?”

“அஞ்சாம் டிரம்ல ஆசிட் ஊத்தக் கூடாது சார். சீட்டு தப்பு. உள்ள சல்ஃபைடு இருக்கு.”

“சீட்டு நீதானம்மா குடுத்தே? இரு, டிரம்மை நிறுத்தினா மொதலாளிக்கு நான்தான் பதில் சொல்லணும். அந்த மெட்ராஸ் ஆளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கலாம்.”

ரயிலில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குப் போன் போட்டு, என் புருஷன் சாகலாமா வேண்டாமா என்று கேட்கவேண்டுமாம். அவரைத் தோளால் இடித்துக்கொண்டு இறங்கினேன். வெற்றிலை படியெல்லாம் சிதறியது. வேறு ஒரு நாளாக இருந்தால் அதற்காகக் கொஞ்சம் சந்தோஷப்பட்டிருப்பேன்.

முற்றத்தில் லாரிகள். இறக்கிய தோல் மலையாகக் கிடந்தது. தரையெல்லாம் உப்புத் தண்ணீர். செருப்பு வழுக்கியதால் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். கம்பெனியில் பெண்கள் எத்தனையோ பேர், எல்லோரும் ஷூ செக்ஷனில்தான். டிரம் யார்டுக்குள் பெண்கள் போவதில்லை. நான் அதுவரை அதன் வாசலைக்கூடத் தாண்டியதில்லை. வாசலில் நின்றவர்கள் என்னைப் பார்த்து வழி விட்டார்கள். ஏதோ கேட்டார்கள். காதில் விழவில்லை.

உள்ளே போனதும் மூக்கை இழுத்து மோந்தேன். என் பயமெல்லாம் மூக்குக்கு வந்துவிட்டது. அழுகின தோல், சுண்ணாம்பு, கொழுப்பு, ஈரமரம், எல்லாம் கலந்து அடித்தது. இதில் முட்டை நாற்றம் எது? அடிக்கிறதா, இனிமேல்தான் அடிக்குமா, அடித்து நின்றேவிட்டதா? ஒன்றும் தெரியவில்லை. தினமும் அவர் சட்டையை மோந்து மோந்து பார்த்த எனக்கு, தேவைப்பட்ட நேரத்தில் மூக்கு உதவவில்லை.

ஐந்தாம் டிரம் நடுவில் இருந்தது. சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து மேடையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாமா நின்றார். காலடியில் நீலத் தொட்டி, கையில் வாளி. அச்சு ஓட்டையில் புனல் செருகியிருந்தது. ஒரு வாளி ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. அடுத்ததை அவர் தூக்கிக்கொண்டிருந்தார்.

“மாமா,” என்று கத்தினேன். டிரம் சத்தத்தில் அது எங்கேயும் போகவில்லை. மறுபடி கத்தினேன். பக்கத்து டிரம்மில் இருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். பாதி யார்டு ஒருத்தரை ஒருத்தர் மாமா, மச்சான் என்று கூப்பிடுகிற இடம் அது. மேஸ்திரி என்று கத்தினேன். கோடியில் இருந்த வேறொரு மேஸ்திரி எட்டிப்பார்த்தார். வாளி புனலின் விளிம்புக்கு வந்துவிட்டது.

எங்கள் குடும்பத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. சர்ச்சில் கல்யாணத்தன்று பாதிரியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னதுதான் நான் அவர் பெயரைச் சொன்ன ஒரே தடவை. அதுவும் பக்கத்தில் நின்ற அவருக்கே கேட்டிருக்காது. படித்த பெண்ணுக்கு இதெல்லாம் என்ன என்று மற்றவர்களைக் கேலி செய்வேன், ஆனால் என் நாக்கும் அந்தப் பெயருக்குத் திரும்பாது. அன்றைக்குத் திரும்பியது. இருக்கிற தம் எல்லாம் சேர்த்து அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

அவர் திரும்பினார். வாளி கையில் அப்படியே நின்றது. முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்தவர் எங்கோ சாவு விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாராம். பிறகு சொன்னார். தன் அம்மாதான் போய்விட்டாள், இல்லாவிட்டால் இவள் என் பெயரைச் சொல்லமாட்டாள் என்று.

“ஊத்தாதீங்க. உள்ள சல்ஃபைடு இருக்கு.”

அவருக்கு இரண்டாவது தடவை சொல்லவேண்டியிருக்கவில்லை. வாளியை மெதுவாக மேடைமேல் வைத்தார். பயந்துபோய்ப் போட்டிருந்தால் எல்லாம் சிதறியிருக்கும். பிறகு கையை வீசி எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கத்தினார். அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. மூக்கில் குத்தியதும் இதுவரை அடித்தது எதுவும் நாற்றமே இல்லை என்று தெரிந்துவிட்டது. யாரோ என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

முற்றத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். ஆட்கள் இருமிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மாமா இல்லை. சுவிட்சை அணைக்க டிரம்முக்குப் பின்னால் போனார் என்று ஒருவர் சொன்னார். டிரம் சுற்றச் சுற்ற ஆசிட் உள்ளே கலக்கும், நிறுத்தியாகவேண்டும்.

நான் உள்ளே போகப் பார்த்தேன். விடவில்லை. நாற்றம் வாசல்வரை அடித்துக்கொண்டிருந்தது. அது அடிக்கும்வரைக்கும் சரி, அடிக்கட்டும், அடிக்கட்டும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். உள்ளே டிரம் ஓடுகிற சத்தம் குறைந்தது. நின்றது.

நாற்றமும் நின்றது.

காற்று திரும்பியதா, என் மூக்கு செத்ததா? வாசலில் நிற்கும் எனக்கே இப்படியென்றால் உள்ளே இருக்கிறவருக்கு? அந்த நேரம் எவ்வளவு என்று என்னால் சொல்லமுடியாது. கர்த்தரிடம் எதுவும் கேட்கக்கூடத் தோன்றவில்லை. அந்த இருட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவர் வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டு, கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்து, சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். என்னைத் தாண்டிப் போய் லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து இருமினார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அழுதேன். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாகவே இல்லை.

சென்னைக்காரர் மறுநாள் முதல் ரயிலில் வந்தார். முகம் சாம்பல் பூத்துப்போயிருந்தது. அவர்கள் ஆபீசில் இருப்பது காசு கொடுத்து வாங்கிய பெரிய டேட்டாபேஸ். அது பெயரைப் பார்த்து எண்ணை அதனதன் இடத்தில் வைக்கும். எங்கள் முதலாளி செலவு எதற்கு என்று வைத்திருந்தது மெஷினோடு சும்மா வந்த சின்ன டேட்டாபேஸ். அதனோடு பேசுவதற்கு நடுவில் இருக்கும் சாஃப்ட்வேர் பெயரை வாங்கிக்கொள்ளும், ஆனால் பார்க்காது. முதலில் வந்தது முதல் இடம், அவ்வளவுதான். இத்தனை நாள் அவர் தற்செயலாகச் சரியான வரிசையில் கொடுத்துவந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை.

“பேர் எனக்குப் புரியாதுன்னு ஒரு எர்ரர் காட்டியிருந்தா போதுமே சார்,” என்றேன்.

“காட்டாது மேடம். சரின்னு வாங்கிக்கும்.”

எனக்கு அதுதான் தாங்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் நாங்கள் பழையபடி விரல் விட்டு எண்ணியிருப்போம். சரி சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் வழியில் போகிறதை எப்படி நம்பிக் குடித்தனம் பண்ணுவது? அவரைத் திட்ட நிறைய வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவர் வந்த டீயைத் தொடாமலே மெஷின் முன்னால் உட்கார்ந்ததைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. வரிகளை இடம் மாற்றிச் சரி செய்தார். நான் அதோடு விடவில்லை. ஒவ்வொரு சீட்டும் பிரிண்ட் ஆகும் முன்பு டேட்டாபேஸில் என்ன ஏறியிருக்கிறது என்று திரும்பப் படித்துக் காட்டும்படி எழுதவைத்தேன். அதை இன்டர்காமில் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஆமாம் என்றால்தான் சீட்டு. வேலை மெதுவாகிறது என்று மேனேஜர் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும்.

மாமாவுக்குக் கண் எரிச்சல் ஒரு வாரம் இருந்தது. இருமல் இன்னும் கொஞ்ச நாள். நான் ஒருநாள் கேட்டேன், டிரம் ஒன்பது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், சீட்டில் ஐந்து என்று பார்த்ததும் ஏன் சந்தேகம் வரவில்லை, மூடியைத் திறந்து பார்த்திருக்கலாமே என்று.

“அன்னிக்கி சொன்ன அத்தினி நம்பர்ல எது ஞாபகம் இருக்கும்? அந்த கிளார்க் எழுதினதுன்னா டிரம்மை நிறுத்தித் தெறந்து பாத்திருப்பேன். இது நீ அடிச்ச சீட்டாச்சே,” என்றார்.

அவர் அதை என்னைக் குறை சொல்லிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். நான் எழுந்துபோய் அடுப்படியில் நின்றுகொண்டேன்.

யார்டில் கொஞ்ச நாள் அவருக்குக் கிண்டல். என்னைப் போலவே குரலை ஏற்றி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்களாம். அவருக்கு அது பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் என்னிடமும் கேட்பார், “இன்னொரு தபா கூப்பிடேன், நல்லாத்தான் இருந்திச்சி.” நான் போங்க மாமா என்பேன். நான் வெட்கப்படுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். இன்றுவரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வெட்கமெல்லாம் இல்லை, பயம். அந்தப் பெயரை எடுத்தாலே எனக்கு வாளி புனலின் விளிம்பில் நிற்கிறது. சமையல் நடுவில், பஸ்ஸில், சர்ச்சில், யாராவது அதே பெயருள்ள வேறு ஒருவரைக் கூப்பிட்டால்கூட உள்ளங்கால் சில்லிட்டுப்போகும். இதை அவரிடம் சொல்லவும் பயம். சொன்னால் அது மறுபடி நடந்துவிடும் என்று ஒரு முட்டாள்தனம்.

யார்டு வேலையை அவர் விட்டுப் பல வருஷம் ஆகிறது. போன மாதம் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க அவரை டெஸ்ட் எடுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். வெறும் வயிற்றில் வந்தவர்கள் வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளிருந்து ஒரு பெண் கதவைத் திறந்து அவர் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டாள். அவர் எழுவதற்குள் நான் எழுந்து நின்றிருந்தேன். என் கை அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

“விடும்மா,” என்றார் அவர், என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே. “ரத்தம் எடுக்கத்தான் கூப்பிடறாங்க.”